ஈர நெல்லும் ஒரு பிடி உப்பும்

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் கண்முன் வருவது எது? வெள்ளை அங்கி, கண்ணாடிக் குடுவை, குளிரூட்டிய அறை, அதற்குள் தனியே அமர்ந்திருக்கும் ஓர் அறிஞர்! அவரும் பெரும்பாலும் கடல் கடந்த நாட்டுக்காரராகவே இருப்பார். நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று எண்ணிக்கொண்டு, செய்முறைப் பதிவேட்டில் படம் வரைந்து, கையொப்பம் வாங்கி, அதோடு கடமை முடிந்ததென்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம்.

ஆனால் தஞ்சைத் தரணியின் சேற்றில் பிறந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காகவே ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. அந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட முதல் விடை, நம் வீட்டு அடுக்களையில் சாடியில் இருக்கும் உப்பு! இந்தச் செய்தி நம் கல்லூரியில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வரலாற்றையும், அதை ஒட்டி எங்கள் வீட்டு நெல்லுக்கு நேர்ந்ததையும் ஆண்டு மலரின் இப்பக்கங்களில் என் தோழர் தோழியரோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அறுவடையும் அடைமழையும்

ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் டெல்டாவில் குறுவை களைகட்டும் என்பது நமக்குப் புதிதல்ல. அந்தக் குறுவை புரட்டாசி, ஐப்பசியில் அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழையும் அதே ஐப்பசியில்தான் வரும். இரண்டும் ஒரே வாசலில் வந்து முட்டிக்கொள்வதுதான் தஞ்சை உழவனின் தலைவலி.

முன்னாளில் இந்தத் தலைவலி இத்தனை பெரிதாக இருந்ததில்லை. நீண்ட நாள் பயிரான சம்பாவை நட்டு, மழையை வயலிலேயே குடிக்க வைத்து, தை மாதத்து வெயிலில் அறுத்துக் களம் சேர்த்தார்கள். 1960களில் நிலைமை மாறியது. தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, ஜப்பானிய நெல்லினக் கலப்பில் பிறந்த ஏ.டி.டி. 27 என்ற குறுகிய காலப் பயிர் அப்பத்தாண்டின் நடுவில் வெளிவந்தது. குறுவை பரவியது, இருபோகம் பெருகியது, விளைச்சலும் உயர்ந்தது. ஆனால் பெருகிய அந்த நெல்லெல்லாம் மழைக்காலத்தின் வாயிலில் வந்து விழுந்தது. விளைவிக்கும் வழியை ஆராய்ச்சி காட்டிவிட்டது. விளைந்ததைக் காக்கும் வழியை யார் காட்டுவது?

நெல்லும் மூச்சு விடும்

அறுத்துப் போட்ட நெல் செத்துப்போன பொருள் என்று நாம் நினைக்கிறோம். தாவரவியல் படிக்கும் எனக்கு முதலாம் ஆண்டிலேயே அந்த எண்ணம் மாறிவிட்டது. ஒவ்வொரு நெல்மணியிலும் ஒரு கரு உறங்குகிறது. உறங்கும் குழந்தையும் மூச்சு விடும் அல்லவா? நெல்லும் விடுகிறது. தன்னுள் இருக்கும் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி, காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளிவிடுகிறது. 180 கிராம் குளுக்கோஸ் இவ்வாறு எரியும்போது 108 கிராம் நீர் பிறக்கிறது. கூடவே ஏறக்குறைய 670 கிலோ கலோரி வெப்பமும் பிறக்கிறது.

நெல் 14 விழுக்காடு ஈரப்பதத்திற்குக் காய்ந்திருந்தால் இந்த மூச்சு மிக மெல்லியது. குதிரில் கொட்டி மாதக்கணக்கில் வைக்கலாம். ஐப்பசியில் அறுத்த நெல்லோ 20, 25 விழுக்காடு ஈரத்தோடு களத்திற்கு வரும். ஈரம் கூடினால் மூச்சு வேகம் பிடிக்கிறது. மூச்சினால் வெப்பமும் நீரும் பிறக்கின்றன. அந்த நீரும் வெப்பமும் மூச்சை மேலும் விரைவுபடுத்துகின்றன. அம்பாரத்துக்குள் கையை விட்டால் சுடுகிறது என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இரண்டு நாள் மூடிக் கிடந்தால் முளை தலைகாட்டும். கருவிலிருந்து புறப்படும் அமைலேஸ் என்னும் நொதி மாவைக் கரைக்கத் தொடங்கும். அப்படிப்பட்ட அரிசி சோறாகும்போது குழையும், பழுப்பேறும், விலையும் போகும்.

விலையோடு முடிந்தால் தேவலை. ஈரமும் சூடும் கூடிய இடத்தில் பூஞ்சணம் குடியேறுகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோது, ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் சுரந்த நஞ்சு அதில் இருப்பது தெரிந்தது. அதன் பெயர்தான் அஃப்ளாடாக்சின். புற ஊதா ஒளியில் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிரும் அந்த நஞ்சைச் சாதாரணச் சமையல் சூடு அழிப்பதில்லை. 1974இல் ராஜஸ்தானத்துப் பன்ஸ்வாராவிலும் குஜராத்துப் பஞ்ச்மகாலிலும் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்கள் மஞ்சள் காமாலை கண்டு வீழ்ந்தார்கள். 397 பேர் நோயுற்றனர். 106 பேர் இறந்தனர். வேறு தானியம் வாங்க வழியில்லாத ஏழைகளே நனைந்த சோளத்தை உண்டார்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் அதை ஆராய்ந்து உலகுக்கு உரைத்தனர். நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் அளவுக்கு இந்நஞ்சு நெல்லில் எளிதில் வளர்வதில்லை. ஆயினும் ஈரநெல் அதற்கு விதிவிலக்கன்று. இன்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி, ஒரு கிலோ தானியத்தில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் அந்த நஞ்சு இருக்கலாகாது என்கிறது. ஒரு டன்னுக்கு வெறும் 15 மில்லிகிராம்! ஈரநெல் என்பது உழவனின் பணப்பையைப் பற்றிய செய்தி மட்டுமன்று, உண்பவனின் உயிரைப் பற்றிய செய்தியும்தான் என்பதற்கு இந்த ஓர் எண்ணே சான்று.

திருவாரூரில் பிறந்த விடை

1960களின் பிற்பகுதியில் டெல்டாவின் குறுவை நெல் மழையில் மாட்டி வீணானபோது, வழிகாண வந்த வல்லுநர்களுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் வி. சுப்ரமணியன். 1950இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் அவர். இளமையில் இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில், நீர் தேங்கிய மண்ணில் என்னென்ன உயிர்வேதி மாற்றங்கள் நிகழ்கின்றன என்று ஆராய்ந்து 1927இல் கட்டுரை வெளியிட்டவர். நீர் நின்ற மண்ணை ஆராய்ந்த அந்தக் கைகள், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நீரில் நனைந்த நெல்லை அள்ளிப் பார்த்தன.

உலர்த்தும் எந்திரம் ஊருக்கு ஒன்று இருந்தால் சிக்கலே இல்லை. அது இல்லாத ஊரில், வெயிலும் இல்லாத வாரத்தில் என்ன செய்வது? அவர் சொன்ன வழி: ஈரநெல்லில் சாப்பாட்டு உப்பைக் கலந்து வையுங்கள்!

மீனுக்கும் மாங்காய்க்கும் நம் வீட்டுப் பெண்கள் செய்வதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், அதே தத்துவம்தான். உப்பு, நெல்லின் ஈரத்தைத் தன்பால் இழுக்கிறது. எஞ்சிய ஈரத்தையும் நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டிவைக்கிறது. முளையும் அடங்குகிறது, பூஞ்சணமும் அடங்குகிறது. நெல் உப்பில் நிரந்தரமாக வாழ முடியாதுதான். ஆனால் வெயில் திரும்பும் வரையில், அல்லது ஆலைக்குப் போய்ச் சேரும் வரையில் சில நாட்கள் தவணை கிடைக்கிறது. அழியும் பொருளுக்குச் சில நாள் தவணை என்பது சிறிய உதவியா?

இந்த முறையைச் சோதிக்கவும் நெல்லின் மற்றச் சிக்கல்களை ஆராயவும் 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் தோன்றியது. அது 1972இல் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது. பின்னர் தஞ்சைக்குக் குடிபெயர்ந்தது. நெல்லோடு நில்லாமல் பிற விளைபொருள்களையும் ஆராயத் தொடங்கி, பெயரும் பலமுறை மாறி, 2021இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த கல்வி நிறுவனமாக உயர்ந்தது. இன்று தஞ்சையிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் பேருந்தில் போகிறவர்கள் அதன் வாயிலைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெரிய வளாகத்தின் வேர் ஒரு கூடை ஈரநெல்லில் இருக்கிறது.

அப்பாயியின் அண்டா

இங்கே நம் பாட்டிமார்களை மறந்தால் நன்றி கொன்றவர்கள் ஆவோம். மழை விடாத ஐப்பசியில் என் அப்பாயி, நனைந்த நெல்லை அண்டாவில் போட்டு அவித்துவிடுவாராம். "முளைச்சுப் போறதுக்கு முந்தி அவிச்சுப்புட்டா அது நம்ம நெல்லு; இல்லாட்டி மண்ணோட நெல்லு" என்பது அவர் வாக்கு. அவிக்கும் ஆவியில் கரு இறக்கிறது, நொதிகள் செயலிழக்கின்றன, அதன்பின் முளைக்கு இடமேது? நொதி என்ற சொல்லையே அறியாத கை, நொதியை நிறுத்தும் வழியை அறிந்திருந்தது.

புழுங்கலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தவிட்டில் இருக்கும் பி1 என்னும் உயிர்ச்சத்து, ஊறலிலும் ஆவியிலும் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆலையில் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. ஜாவா தீவில் தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் முடங்கி விழுந்ததைக் கண்டு ஆராய்ந்த ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் 1929இல் நோபல் பரிசு பெற்றார். நம் நீலகிரிக் குன்னூரில் 1918இல் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் அந்நோய் வாட்டியது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களிலோ அது அரிது. குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய அந்த ஆய்வுதான் பின்னாளில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, நான் முன்னே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

பழைய முறையில் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறிய நெல் புளித்து நாறும். சுமார் 70 பாகை வெந்நீரில் ஊறவைத்தால் சில மணி நேரமே போதும் என்று மைசூர் நிலையத்தார் காட்டினர். வீட்டு அறிவை ஆய்வுக்கூடம் எள்ளி ஒதுக்கவில்லை. அதன் காரணத்தைக் கண்டு, குறையைக் களைந்து, திருப்பித் தந்தது. நல்ல ஆராய்ச்சிக்கு இதுவே இலக்கணம் என்பேன்.

மூன்று பொட்டலங்கள்

சென்ற குறுவையில் எங்கள் நெல் கொள்முதல் நிலையத்து வெளியில் ஒன்பது நாள் கிடந்தது. நிலையத்தின் பெயர் இங்கு வேண்டாம். டெல்டாவில் எந்த நிலையத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். எழுபது மூட்டை தேறும் அம்பாரம். பகலில் பிரித்துக் காயவைப்பதும், கருமேகம் கண்டால் படுதா போட்டு மூடுவதும், இரவெல்லாம் அப்பா அருகில் கட்டிலைப் போட்டுக் காவல் இருப்பதுமாக நாட்கள் கழிந்தன. ஐந்தாம் நாள் ஈரப்பதம் பார்த்தார்கள். கருவியில் 19.2 என்று வந்தது. 17க்கு மேல் எடுக்க விதியில்லை. இன்னும் காயவையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா ஒரு மணியைப் பல்லிடையில் வைத்துக் கடித்தார். "டக்குன்னு சத்தம் கேக்குதும்மா. இது காஞ்ச நெல்லுதான். மிஷின்தான் பொய் சொல்லுது" என்றார். அவர் காதை நம்புவதா, கருவியை நம்புவதா? கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் அம்பாரத்தின் மேலிருந்தும், நடுவிலிருந்தும், தரையோரத்திலிருந்தும் மூன்று பாலித்தீன் பைகளில் நெல் எடுத்து, காற்றுப் புகாமல் கட்டி, கல்லூரிக்குக் கொண்டு வந்தேன். எங்கள் துறைப் பேராசிரியை முதலில் சிரித்தார். பிறகு உலர்வெப்ப அடுப்பைத் திறந்துவிட்டார். ஒவ்வொன்றிலும் 10 கிராம் நிறுத்து, 105 பாகையில் ஒரு நாள் முழுதும் வைத்து, மீண்டும் நிறுத்தோம். மேலிருந்து எடுத்தது 8.32 கிராம்; நடுவிலிருந்து எடுத்தது 8.19, தரையோரத்து நெல் 7.94. அதாவது ஈரப்பதம் முறையே 16.8, 18.1, 20.6 விழுக்காடு!

அப்பா கடித்தது மேல் நெல். அவர் காது பொய் சொல்லவில்லை. கருவிக்குப் போனது கீழிருந்து அள்ளிய கைப்பிடி. கருவியும் பொய் சொல்லவில்லை. ஒரே அம்பாரத்துக்குள் மூன்று உண்மைகள் இருந்தன. எந்த இடத்தில் கைவைக்கிறோமோ அந்த உண்மை நம் கைக்கு வந்தது. மாதிரி எடுப்பது என்று பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் வரும் செய்தி, எங்கள் வீட்டு ஓராண்டு வருவாயின் மீது நின்றுகொண்டிருந்தது.

செய்தியைச் சொன்னதும் அப்பா ஒன்றும் பேசவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அம்பாரத்தைக் கலைத்து, அடிநெல்லை மேலே கொண்டு வந்து, பரப்பி, நானும் அம்மாவும் மணிக்கொரு தரம் காலால் உழவு ஓட்டினோம். இரண்டு நாள் நல்ல வெயில் கிடைத்தது. ஒன்பதாம் நாள் கருவி 16.7 காட்டியது. நெல் போனது. ஆனால் தரையோடு ஒட்டிக் கிடந்ததில் இரண்டு மூட்டை முளைத்திருந்தது. அதை மாட்டுக்கு ஆகுமா என்று பார்க்கவும் அப்பாவுக்கு மனம் வரவில்லை. வாய்க்கால் ஓரத்தில் கொட்டினார். மூன்றாம் நாள் அங்கே பச்சைப்பசேலென்று நாற்று நின்றது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினேழு என்ற எண்

17 என்ற எண்ணை உழவர்கள் ஒரு வசவுச் சொல்போலக் கேட்கிறார்கள். அந்த எண்ணுக்கும் ஒரு நியாயம் உண்டு. 22 விழுக்காடு ஈரமுள்ள 40 கிலோ மூட்டையில் உலர்ந்த பொருள் 31.2 கிலோதான். அதே மூட்டை 17 விழுக்காட்டுக்குக் காய்ந்தால் எடை 37.6 கிலோ ஆகிவிடும். அதாவது மூட்டைக்கு 2.4 கிலோ தண்ணீருக்கு விலை கொடுக்க நேரும். பணம் போவது ஒருபுறம் இருக்க, ஈரமான மூட்டையை அடுக்கினால் சூடேறி, பூஞ்சணம் பிடித்து, இறுதியில் நியாயவிலைக் கடையில் அந்த அரிசியை வாங்குவது யார்? நம்மைப் போன்றவர்கள்தாமே!

எனினும் மழைக்கு விதி தெரியாது. 2023 பிப்ரவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் சம்பா சாய்ந்தபோது, மத்தியக் குழுவினர் வந்து மாதிரிகளை எடுத்துச் சென்ற பின் 20 விழுக்காடு வரை கொள்முதல் செய்ய ஒப்புதல் தந்தார்கள். வரவேற்கத்தக்கதுதான். ஆனால் விழுக்காட்டைத் தளர்த்துவதால் நெல்லின் மூச்சு தளர்வதில்லை. தளர்வு வந்து சேரும் நாட்களில் முளை காத்திருப்பதும் இல்லை. எண்ணை மாற்றுவதைவிட ஈரத்தை மாற்றுவதே நிலையான வழி. ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திலும் உலர்த்தும் எந்திரம் வேண்டும். நெல்லைத் தரையில் கொட்டாமல் வைக்க மேடையும் கூரையும் வேண்டும். உழவன் கண்முன்னே, அம்பாரத்தின் பல இடங்களிலிருந்து மாதிரி எடுத்து, கலந்து, அளக்கும் ஒழுங்கும் வேண்டும். இவற்றில் எதுவும் இனிமேல்தான் கண்டுபிடிக்கப்பட வேண்டிய அதிசயமன்று. ஆய்வுக்கூடம் தன் பங்கைச் செய்துவிட்டது; அந்த அறிவு புதுக்கோட்டைச் சாலையிலிருந்து களத்துமேடு வரை நடந்து வர வேண்டும், அவ்வளவே.

அதை நடத்திக் கொண்டுவரும் கால்கள் யாருடையவை? இங்கேதான் நம்மைப் பற்றி எண்ணுகிறேன். நம் அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் பலரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள்; நெல் அவித்த வீட்டிலிருந்து வந்தவர்கள். நம் ஆய்வகத்தில் விலையுயர்ந்த கருவிகள் இல்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம். ஒரு தராசும் ஓர் அடுப்பும் இருக்கின்றனவே! அறுவடை மாதத்தில் வாரம் ஒருநாள், சுற்றுவட்டார உழவர்கள் கொண்டுவரும் நெல்லுக்கு ஈரப்பதம் பார்த்துச் சொல்லும் பணியை நம் அறிவியல் மன்றம் ஏற்றுக்கொண்டால் என்ன? அடிநெல்லையும் சேர்த்து எடுத்து வாருங்கள் என்று சொல்லித் தந்தால் என்ன? பேராசிரியர்கள் இசைந்தால் வரும் குறுவையிலேயே தொடங்கலாம். மூன்று பொட்டலம் கட்டிய அனுபவத்தோடு முதல் ஆளாக நான் வருகிறேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நெல்லுக்கே உப்பிட்டுக் காத்த அறிஞர் ஒருவர் நம் மண்ணில் பணியாற்றினார் என்பதை நினைப்போம். நினைப்பதோடு நில்லாமல், அடுத்த ஐப்பசியில் கருமேகம் திரளும்போது ஏதேனும் ஓர் அம்பாரத்தின் அருகே நம் கைகளும் இருக்குமாறு செய்வோம்!